மிதி என்று சொல்லாத வாத்தியார்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் உமாபதி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, சங்க நிர்வாகிகளே, முன்வரிசையில் உறவினரோடு அமர்ந்திருக்கும் சம்பூர்ணம் அம்மா அவர்களே, சின்ன காஞ்சிபுரத்திலிருந்தும் பெரிய காஞ்சிபுரத்திலிருந்தும் ஐயம்பேட்டையிலிருந்தும் திருப்பருத்திக்குன்றத்திலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் சைக்கிளுமாக எத்தனையோ வண்டிகள். ஒன்றின் மேல் ஒன்று சாயவில்லை, யாருடைய வழியையும் மறிக்கவில்லை. அங்கே நின்று ஒழுங்குபடுத்த ஆள் யாரும் கிடையாது. அவற்றை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நம் தாவீது வாத்தியாரிடம் வண்டி பழகியவர்கள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

என் பெயர் தனசேகரன். ரயில்வே சாலையில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாக்களில் மேடையேறிப் பேசிய பழக்கம் உண்டு. சத்தமாகப் பேசுவேன், கோபமாகவும் பேசுவேன் என்று பலருக்குத் தெரியும். இன்று இரண்டும் வராது.

மறைந்த தாவீது அவர்களைப் பற்றி முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் என் பிழைப்பைக் கெடுத்தவர். ஆமாம், சிரியுங்கள், அவரும் இதைக் கேட்டால் சிரிப்பார். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்னால் திங்கட்கிழமை காலை என் கடை வாசல் எப்படி இருக்கும்? வளைந்த ஹேண்டில்பார், நசுங்கிய மட்கார்டு, உடைந்த விளக்கு. பக்கத்தில் கையில் கட்டோடு வண்டிக்காரர். யாரோ ஒரு மைத்துனன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இரண்டு தெரு சுற்றவைத்து, “கத்துக்கினாம்பா” என்று சொல்லி இறங்கியிருப்பான். இன்று திங்கட்கிழமைகளில் நான் செய்தித்தாள் படிக்கிறேன். ஓர் ஊரின் ஒர்க்‌ஷாப்காரனுக்குச் செய்தித்தாள் படிக்க நேரம் கிடைக்கிறது என்றால், அந்த ஊரில் யாரோ ஒருவர் நல்ல காரியம் செய்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஐயம்பேட்டைக் காலனியில் பிறந்தவர் தாவீது. பட்டாளத்தில் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோகும் வேலை பார்த்தவர். அறுபத்தைந்தாம் ஆண்டுச் சண்டை முடிந்து ஊர் திரும்பினார். வாரம் முழுக்க அரிசி மில் லாரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் முன்பு, விடியற்காலையில், திருப்பருத்திக்குன்றத்துக்குப் பக்கத்தில் வேகவதிக் கரையை ஒட்டிய பொட்டல் மைதானத்தில் நின்றார். யார் வந்தாலும் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஏன் செய்தார்? யாராவது கேட்டால், “எனக்கு வேற இன்னா தெரியும்?” என்பார்.

போன வாரம் அவர் இறந்த செய்தி பரவியதும் ஊரில் பலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “வண்டியிலிருந்து விழுந்தாரா?” என்பதுதான். இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு மாரடைப்பு. சம்பூர்ணம் அம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். வாழ்நாள் முழுக்க வண்டியோடு வாழ்ந்தவர் வீட்டில், தன் நாற்காலியில், மனைவி பக்கத்தில் இருக்கப் போனார். அவ்வளவாவது கொடுத்துவைத்திருந்தது.

இந்த மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் நான்கு புது மொபெட்டுகள் நிற்கின்றன. வரும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளியூர்த் தறிகளுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொண்டுபோகவும், நெய்த சேலைகளைத் திரும்பக் கொண்டுவரவும் சங்கம் வாங்கியவை. வாத்தியார் இறந்த நாளிலிருந்து அவை நகரவில்லை. ஏன்? நம் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. தாவீதிடம் பயிற்சி முடித்து அவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஒருவர் கையில் சாவி கொடுக்கப்படும். லைசென்ஸ் இருந்தாலும் அப்படித்தான். நாளை சங்க நிர்வாகக் குழு கூடுகிறது. அந்த விதியை எடுத்துவிடலாமா என்று பேசப்போகிறது. சொல்லிக்கொடுத்தவரே இல்லாதபோது விதி எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த விதி எங்கிருந்து பிறந்தது என்று தெரியாமல் யாரும் அதை எடுத்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் ஆதிகேசவன் அவர்கள், அதோ மூன்றாம் வரிசை ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான், ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். இடது காலில் கியர், வலது காலில் பிரேக். தாவீதிடம் பழக வந்தார். அன்றைக்கெல்லாம் தாவீதும் மற்றவர்களைப் போலத்தான் சொல்லிக்கொடுப்பார். ஏற்றிவிடுவார், கூடவே ஓடுவார், கத்துவார். மூன்றாம் ஞாயிறு வண்டி நன்றாகவே போனது. மைதானத்தின் கடைசியில், கரை சரிகிற இடம் வந்தது. தாவீது பின்னாலிருந்து, “மிதி, மிதி” என்று கத்தினார்.

முதல் “மிதி”க்கு ஆதிகேசவன் வலது காலால் பிரேக்கை மிதித்தார். வண்டி அடங்கியது. இரண்டாவது “மிதி” காதில் விழுந்தது. வலது கால் தானாக எழும்பியது. இடது கால் தானாக அமுங்கியது. கியர் மாறி, வண்டி முன்னே பாய்ந்து, சரிவில் உருண்டு, அவர் கணுக்காலின் மேல் விழுந்தது.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் தறியில் உட்காருகிறவர்கள். உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நெசவாளிக்குக் கணுக்கால் உடைந்தால், அது வெறும் கால் உடைந்தது ஆகாது. தறி நின்றது. அடுப்பு நின்றது. தறியின் கீழே காலை விட்டு உட்காரும் குழிக்குள் ஓராண்டுக்கு மேல் ஆதிகேசவன் இறங்கவில்லை. அவர் மனைவி ரேணுகாம்பாள் அம்மா அந்த ஓராண்டும் மற்றவர்களுக்கு நூல் சுற்றிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஊர் என்ன சொன்னது? “பயந்தாங்கொள்ளி, பிரேக்கை விட்டுட்டான்” என்றது. தெருவில் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள். ஆதிகேசவனும் தன்னைத்தான் நொந்துகொண்டார். தாவீதைக் குற்றம் சொன்ன ஒருவர்கூட இல்லை. அவர் மிதி என்றுதானே சொன்னார், அதில் என்ன தப்பு? வேறு ஒருவராக இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு அடுத்த ஆளை ஏற்றியிருப்பார்.

தாவீது ஏற்றவில்லை. மைதானத்துக்கு வருவதையே நிறுத்தினார். என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

“தனசேகரா, மொத தபா சரியா மிதிச்சாரு இல்ல? நான் கண்ணால பாத்தேன். பயந்தவன் மொத தபாவே மிதிக்க மாட்டானே. ரெண்டாவது தபா ஏன் காலு எழும்பிச்சி?”

“விடு வாத்தியாரே, அவருக்குப் பதட்டம்” என்றேன்.

“பதட்டப்பட்டா காலு அமுங்கும்பா. எழும்பாது” என்றார்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நேராக ஆதிகேசவன் வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார் ஆதிகேசவன். தறி வெறுமையாக நின்றது. தாவீது அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரேணுகாம்பாள் அம்மாவிடம் திரும்பி, “அம்மா, இந்தக் குழியில காலு எப்படி வேல செய்யுதுன்னு எனக்குச் சொல்றீங்களா?” என்று கேட்டார்.

அந்தத் தறிக்குழியில் வெளியார் கால் வைப்பதில்லை. அதிலும் ஐயம்பேட்டைக் காலனியிலிருந்து வந்த ஒருவர் இறங்குவதென்றால், அறுபத்தெட்டாம் ஆண்டில் என்ன பேச்சு எழும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரேணுகாம்பாள் அம்மா ஒரு நொடி கணவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம், “சொன்னா புரியாது வாத்தியாரே, எறங்கு” என்றார்.

தாவீது செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். கீழே இரண்டு மிதிக்கட்டைகள். அந்த அம்மா மேலே நின்று சொன்னார்.

“மிதி.”

தாவீது வலது காலை அமுக்கினார்.

“மிதி.”

மறுபடியும் வலது காலையே அமுக்கினார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னா வாத்தியாரே, அதையே அமுக்கிகினு இருந்தா நூலு இழுத்துகினு போற நாடா எப்படித் திரும்பி வரும்? மிதின்னா ஒரு கால். இன்னொரு மிதின்னா மறு கால். ஒண்ணு அமுங்குனா ஒண்ணு எழும்பணும். சின்னப் புள்ளைலேருந்து அப்படித்தான்.”

குழிக்குள் உட்கார்ந்திருந்த தாவீதின் முகத்தை நான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து வெளியே வந்தார். கட்டில் அருகே போய் நின்றார். வாசலில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஆதிகேசவண்ணா, நீ பயந்து விடல. நான் சொன்னதைத்தான் நீ செஞ்ச. ரெண்டு தபா சொன்னேன், ரெண்டு காலுல செஞ்ச. தப்பு என் வாயில இருக்குது.”

பெருமக்களே, சொல்லிக்கொடுக்கிறவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்? கற்றுக்கொள்பவன் விழுந்தால், அவன் மண்டையில் ஏறவில்லை என்று சொல்லாத ஆசான் எத்தனை பேர்? ஊரே ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லி முடித்த பிறகு, தேடிப் போய், அவர் வீட்டுக் குழிக்குள் இறங்கி, தன்மேல் இருக்கும் தப்பைக் கண்டுபிடித்து எடுத்துவந்த மனிதர் தாவீது. அதற்காகத்தான் நான் அவரை வணங்குகிறேன். நன்றாக வண்டி ஓட்டுகிறவர்கள் நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அன்றோடு அந்த மைதானத்தில் “மிதி” என்ற சொல் ஒழிந்தது. மொபெட்டுகள் வந்த பிறகு அது இன்னும் நல்லதாயிற்று. மொபெட்டில் மிதி என்றால் பெடலை மிதித்துக் கிளப்புவது, பிரேக்கோ கையில் இருக்கிறது. ஒரே சொல்லுக்குத் தறியில் ஓர் அர்த்தம், மோட்டார் சைக்கிளில் ஓர் அர்த்தம், மொபெட்டில் ஓர் அர்த்தம். அவசரத்தில் எது காதில் ஏறும்? தாவீது எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைத்தார்: “நில்லு.” அதையும் ஒரு தடவைதான் சொல்வார். சொன்னால் கையும் காலும் சேர்ந்து பிடிக்க வேண்டும், அவர் “விடு” என்னும்வரை விடக்கூடாது.

இதைப் பழக்குவதற்காகவே பயிற்சியைத் தலைகீழாக மாற்றினார். முதல் ஞாயிறு வண்டி ஸ்டாண்டில் நிற்கும். எஞ்சின் ஓடாது. கற்றுக்கொள்பவர் ஏறி உட்கார வேண்டும். “நில்லு” என்றால் பிடிக்க வேண்டும். நிற்கிற வண்டியை நிறுத்தச் சொல்கிறாரே என்று வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறு வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வேண்டும், அதன் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்புக்குத் தெரியும்வரை. பிறகு நாங்கள் பின்னாலிருந்து தள்ளுவோம், அவர் “நில்லு” என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டும் நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் எஞ்சினைக் கிளப்பிக் காட்டுவார்.

“போறதுக்கு வண்டிக்கே தெரியும்பா. நிக்கிறதுக்குத்தான் ஆளு வேணும்” என்பார்.

லைசென்ஸ் சோதனையில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். அது சட்டம். அதை நான் குறை சொல்லவில்லை, தாவீதும் சொன்னதில்லை. ஆனால் நம் ஊர்த் தெருவில் எட்டா வரைந்து வைத்திருக்கிறது? காலையில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். திரும்பினால் பெருமாள் புறப்பாடு. அதற்கடுத்த திருப்பத்தில் லாரி. ஆகவே கடைசி ஞாயிறு அவர் கற்றுக்கொள்பவரைத் தெருவுக்குக் கூட்டிவருவார். பாவு விரித்திருக்கிற தெரு வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். “ஒரு குடும்பத்து ஒரு மாசச் சோறு அங்க நீட்டிகினு இருக்குது. அது பக்கத்துல உனக்கு இன்னா வேகம்?” என்பார். பட்டு நெய்யத் தெரியாத தாவீது அந்தப் பாவுக்குக் கொடுத்த மரியாதையை, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே சிலர் அவரிடமிருந்துதான் கற்றார்கள்.

நர்ஸ் செல்லியம்மாள் இங்கே வந்திருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மொபெட் பழக வந்தார். ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கப் போகிறவர், பஸ்ஸை நம்பினால் குழந்தை காத்திருக்குமா? சேலை கட்டிய ஒரு பெண் வண்டி பழகுகிறாள் என்றதும் மைதானத்தைச் சுற்றிலும் திருவிழாக் கூட்டம். செல்லியம்மாள் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாராம். தாவீது கூட்டத்தைப் பார்த்து, “வேடிக்க பாக்க வந்தவங்க ஆளுக்கு ஒரு ரவுண்டு வண்டிய தள்ளுங்கபா, ஒத்தாசையா இருக்கும்” என்றார். கால்மணி நேரத்தில் மைதானம் காலி. அப்புறம் செல்லியம்மாளிடம் அவர் சொன்ன முதல் பாடம் என்ன தெரியுமா? “முந்தானைய இழுத்துச் செருகும்மா. இது பட்டு நெய்யுற ஊரு, சக்கரத்துக்கு எதுக்குச் சேலை?” இன்று அந்த அம்மாவின் மொபெட் போய் நிற்காத ஊர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. பிறந்த குழந்தைகளுக்குத் தாவீதைத் தெரியாது. ஆனாலும் அவர் பங்கு அதில் உண்டு.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நம் தலைவர் உமாபதி அவர்கள், பயிற்சி முடிந்த பிறகே சாவி என்ற விதியைச் சங்கத்தில் கொண்டுவந்தார். அந்த விதி வந்த பிறகு சங்கத்து வண்டியில் போன ஒருவரும் எலும்பு முறிந்து படுக்கவில்லை. ஒரு தறியும் அதனால் நிற்கவில்லை. நாளை அதை எடுத்துவிட்டால் அந்த நான்கு மொபெட்டுகளும் நாளை மறுநாளே தெருவில் இறங்கும். வேலை நடக்கும். உண்மைதான். பிறகு ஒரு நாள் யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடு, பின்னாலிருந்து “மிதி, மிதி” என்று கத்துவார். அப்போது கட்டிலில் படுக்கப்போவது யார்? நமக்குத் தெரியாது. நம்மில் ஒருவர் என்பது மட்டும் தெரியும்.

தலைவர் அவர்கள் நேற்று என்னிடம் கேட்டார்: “எல்லாம் சரி தனசேகரா, சொல்லிக் குடுக்க ஆள் யாரு? நீ செய்வியா?”

நான் செய்ய மாட்டேன். எனக்கு வண்டியின் உடம்பு தெரியும். ஒவ்வொரு நட்டும் தெரியும். ஆனால் ஒருவர் தப்பாக ஓட்டினால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கத்துவேன். கத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே தலைவருக்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் எனக்கு நேற்றே தெரியும். அதைச் சொந்த வாயால் ஊர் முன்னால் சொல்ல ஒருவர் கூச்சப்படுகிறார். எனவே அவர் அனுமதி இல்லாமலே சொல்கிறேன், மன்னிக்கட்டும்.

ஆதிகேசவன் குணமாகித் தறிக்குத் திரும்பினார். கால் கொஞ்சம் சாய்ந்துதான் ஊன்றும். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் மைதானத்து வேப்பமரத்தடியில் வந்து உட்காருவார். தாவீதுதான் வரச் சொன்னார். “நான் சொல்ற வார்த்த உங்க காலுக்கு எப்படிக் கேக்குதுன்னு நீதாண்ணா சொல்லணும்” என்றார். இத்தனை ஆண்டுகளாகத் தாவீது புதிதாக ஒரு சொல் சொன்னால், முதலில் மரத்தடியைத்தான் பார்ப்பார். ஆதிகேசவன் தலையை ஆட்டினால் அந்தச் சொல் இருக்கும், ஆட்டாவிட்டால் போய்விடும்.

போன வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டோம். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஆதிகேசவன் சாய்ந்த காலை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

“ஞாயித்துக்கிழம கெரவுண்டு உண்டா தனசேகரா?”

“யாருண்ணா இருக்காங்க சொல்லிக் குடுக்க?” என்றேன்.

“நான் வரேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஏறவும் மாட்டேன். ஓட்டிக் காட்டுறத நீ பாத்துக்க.” கல்லறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஒருத்தன் காலு எந்த எடத்துல தப்பா எழும்பும்னு எனக்குத் தெரியும்பா. அது எழும்புறதுக்கு முன்னாடி நில்லுன்னு நான் சொல்றேன்.”

தலைவர் அவர்களே, நீங்கள் கேட்ட ஆள் மூன்றாம் வரிசை ஓரத்தில் இருக்கிறார். விதியை எடுக்கவேண்டியதில்லை. அந்த நான்கு மொபெட்டுகளையும் ஞாயிறு காலை மைதானத்துக்கு அனுப்புங்கள். ஓட்டிக்கொண்டு வரவேண்டாம், தள்ளிக்கொண்டு வரட்டும்.

சம்பூர்ணம் அம்மா அவர்களே, உங்கள் கணவரின் வேலையை இந்த ஊர் கைவிடாது என்று மேடையில் நின்று வாக்குக் கொடுப்பது எளிது. என்னைப் போலச் சத்தமாகப் பேசுகிறவனுக்கு அது இன்னும் எளிது. ஆகவே என்னால் எது கடினமோ அதையே வாக்காகக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்த மைதானத்துக்கு வருவேன். வண்டியை ஓட்டிக் காட்டுவேன். கற்றுக்கொள்பவர் என்ன தப்புச் செய்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். அங்கே ஒரு குரல்தான் கேட்கும். அது ஆதிகேசவண்ணன் குரல்.